இருபது பாட்டும் ஒரே பாட்டாகக் கேட்டால்...

கேள்வி: எனக்கு வயது 31. ஒன்பது ஆண்டுகளாக ஒரு நாட்டுப்புறக் கலைக்குழுவில் பின்பாட்டுப் பாடுகிறேன். முன்பாட்டுக்காரர் ஆண். நாதசுரம், தவில், பம்பை, பறை உண்டு. சுருதி 2 கட்டை. இரண்டு ஆண்டாகச் சொந்தமாகப் பாட்டுக் கட்டி வருகிறேன். இருபது பாட்டு சேர்ந்துவிட்டது. ஆனால் எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்கிறது என்று குழுவிலேயே சொல்கிறார்கள். முதல் இரண்டு பாட்டு நன்றாகப் போகிறது. மூன்றாவதில் தொண்டை கட்டிவிடுகிறது. இரண்டு பாட்டுக்குப் பெரியவர்களிடம் கேட்ட பழைய ஒப்பாரி மெட்டையே எடுத்திருக்கிறேன், அது தப்பா? ஓர் ஒலிப்பதிவு நிறுவனம் ஐந்து பாட்டை வெளியிடுவதாகச் சொல்லி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா, இல்லை நானே வீட்டில் பதிவு செய்து வெளியிடலாமா?
– ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசியில் அதற்கு வருகிறேன். தொண்டையிலிருந்து தொடங்குவோம். தொண்டை கட்டுவதும் இருபது பாட்டு ஒன்றுபோலக் கேட்பதும் இரண்டு தனித்தனிக் குறைகள் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அவை ஒரே குறைதான். ஒன்பது ஆண்டாக நீங்கள் இன்னொருவர் சுருதியில் பாடுகிறீர்கள்.

கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்; எண் கூடினால் சுருதி ஏறும். 2 கட்டை ஆண் குரலுக்கு வாகான சுருதி. பெண் குரல்களில் பல 5 கட்டையை ஒட்டி, அரைக் கட்டை, ஒரு கட்டை முன்பின்னாக உட்காரும். முன்பாட்டுக்காரர் பாடும் அதே தாயியில் (ச முதல் மேல் ச வரையான சுர அடுக்கில்) நீங்கள் பாடினால் சட்ஜமமே (ச) அடித்தொண்டையில் காற்றாகிவிடும். ஆகவே ஒரு தாயி மேலே எடுக்கிறீர்கள். அங்கே சட்ஜமம் உங்கள் இயல்பான சட்ஜமத்துக்கு ஏழு அரைச்சுரம் உயரத்தில் இருக்கிறது. சட்ஜமத்திலிருந்து பஞ்சமம் வரை (ச ரி க ம ப) தாங்கும். அதற்கு மேலே கத்தல். சொந்தப் பாட்டுக் கட்ட உட்காரும்போதும் பழக்கத்தால் சுருதிப்பெட்டியை 2 கட்டையிலேயே வைத்திருப்பீர்கள். அப்போது தொண்டை வலிக்காத ஐந்து சுரத்துக்குள்ளேயே ஒவ்வொரு மெட்டும் சுற்றிச் சுற்றி வரும். கற்பனை வற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கற்பனைக்கு இடம் ஐந்து சுரம்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

முதல் இரண்டு பாட்டு நன்றாகப் போவதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. நாட்டுப்புற மெட்டுகளில் பல, மேல் சட்ஜமத்தைத் தொடுவதே இல்லை. சட்ஜமத்திலிருந்து கீழே நிஷாதம் (நி), தைவதம் (த), சிலவற்றில் பஞ்சமம் வரை இறங்கிவிட்டு, மேலே பஞ்சமம் அல்லது தைவதத்தோடு திரும்பிவிடும். கர்நாடக இசையில் நாட்டார் சாயல் உள்ளவையாகச் சொல்லப்படும் செஞ்சுருட்டி, குறிஞ்சி, நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, நவரோஜ் எல்லாம் இப்படிக் குறுகிய எல்லைக்குள் இயங்குகிற ராகங்கள்தான். மேலே எந்தச் சுரத்தோடு நின்றுவிடும் என்பதை வைத்து, தைவதாந்தியம், நிஷாதாந்தியம், பஞ்சமாந்தியம் என்று அவற்றுக்கு இலக்கணத்தில் தனி வகையே உண்டு. கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேலே பஞ்சமம் வரை போகும் மெட்டுக்கு 2 கட்டை உங்கள் குரலுக்கு ஒத்தே வரும். மேல் சட்ஜமத்தில் நின்று இழுக்கும் மெட்டுக்கு அதே 2 கட்டை தொண்டைக்குக் கேடு. உங்கள் மூன்றாவது பாட்டின் உச்சச் சுரம் எது என்று பாருங்கள். அங்கேதான் சிக்கல் இருக்கும்.

ஆகவே ‘என் சுருதி எத்தனை கட்டை’ என்று கேட்பதைவிட ‘என் உச்சம் எது, அடி எது’ என்று அளந்துகொள்ளுங்கள். தூங்கி எழுந்து இரண்டு மணி நேரமாவது ஆன பிறகு சுருதிப்பெட்டியை 5 கட்டையில் வையுங்கள். ‘ஆ’ என்று ஒவ்வொரு சுரமாக இறங்குங்கள். கரகரக்காமல், காற்றாகாமல் நான்கு விநாடி நிற்கும் கடைசிச் சுரம் உங்கள் அடி. பிறகு ஏறுங்கள். சத்தத்தைக் கூட்டாமல், முகவாயைத் தூக்காமல் ‘ஏ’ என்று நிறுத்த முடிகிற கடைசிச் சுரம் உச்சி. மூன்று நாள் அளந்து, மோசமான நாளின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேடை எப்போதும் நல்ல நாளில் வருவதில்லை. உச்சியிலிருந்து இரண்டு சுரம் கீழே ஒரு கோடு. பாட்டின் உச்சச் சுரம் அந்தக் கோட்டைத் தாண்டாதபடி ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகச் சுருதி வையுங்கள். எல்லாப் பாட்டையும் ஒரே கட்டையில் பாட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

‘நாதசுரம் இருக்கிறதே, சுருதியை எப்படி மாற்றுவது’ என்று குழுவில் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான், கருவியை அறுத்து நீட்ட முடியாது. ஆனால் 2 கட்டையின் மத்திமம் (ம) சரியாக 5 கட்டை. நாதசுரக்காரர் தன் மத்திமத்தையே சட்ஜமமாக வைத்து உங்கள் மெட்டை வாசித்தால் அதே கருவியில் நீங்கள் 5 கட்டையில் பாடலாம். மத்திம சுருதியில் வாசிப்பது பயிற்சி உள்ள நாதசுரக்காரருக்குப் புதிதல்ல. சுருதிப்பெட்டியை மட்டும் 5-க்கு மாற்ற மறக்காதீர்கள். மறந்தால், மெட்டு சரியாக இருந்தும் ஏதோ அந்தரத்தில் தொங்குவது போலக் கேட்கும். யார் தப்பு என்று தெரியாமல் எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். கீபோர்டு இருந்தால் பொத்தானில் மாறிவிடும். புல்லாங்குழல் என்றால் வேறு குழல் வேண்டும். தவில், பம்பை, பறை இதில் குறுக்கே வருவதில்லை.

தொண்டை கட்டுவதற்கு இன்னொரு பங்காளி, உங்கள் குரல் உங்களுக்கே கேட்காமல் போவது. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். பக்கத்தில் பறையும் பம்பையும் அதிரும்போது இது உறுதியாக நடக்கும். ‘அடக்கிப் பாடு’ என்று சொல்வதால் தீராது. குரல் காதுக்கு வர வேண்டும். மேடையில் உங்களை நோக்கி ஒரு மானிட்டர் ஒலிபெருக்கி கேளுங்கள். கையில் இருப்பது முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை மைக் என்றால் அதன் பின்பக்கம்தான் காது மந்தம். மானிட்டர் மைக்குக்கு நேர் பின்னால், உங்கள் முகத்தைப் பார்த்து இருக்கட்டும். அதைவிடக் குறுகிய திசையில் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு என்றால் நேர் பின்னால் வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில். மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடிக்கும் பழக்கம் பல பாடகர்களுக்கு உண்டு. அப்படி மூடினால் எல்லாத் திசையிலிருந்தும் சத்தம் வாங்கத் தொடங்கி மைக் ஊளையிடும். ஒலிக்காரர் உங்கள் ஒலியைக் குறைப்பார். நீங்கள் இன்னும் கத்துவீர்கள். கைப்பிடியைப் பிடியுங்கள், வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு விரல் இடைவெளி போதும். பறை அடிப்பவர்கள் உங்கள் காதை ஒட்டி நிற்காமல் இரண்டு மீட்டர் பின்னால் நின்றாலே பாதித் தொல்லை போகும். மைக் இல்லாத காலத்தில் வயல் தாண்டிக் கேட்க வேண்டியிருந்தது, உச்சத்தில் பாடினார்கள். மைக் வந்த பிறகும் அந்த உச்சத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் பழக்கம்.

மேடைக்கு முன்னால் ஒரு குவளையில் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவின் நுனி இரண்டு சென்டிமீட்டர் மூழ்கும்படி வைத்து, ‘ஊ’ என்று குமிழி விட்டபடி கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே குரலை வழுக்கவிடுங்கள். ஐந்து நிமிடம். ஸ்ட்ராவுக்குள் ஏற்படும் எதிரழுத்தத்தால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதாமல் மெதுவாகச் சேரும். நிகழ்ச்சி முடிந்ததும் அதையே மூன்று நிமிடம். மிளகும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதம், தடுக்கவில்லை. ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடாது; உணவுக்குழாய்க்குத்தான் போகும். கட்டிய தொண்டையோடு குசுகுசுப்பது ஓய்வு ஆகாது, பேசாமல் இருப்பதே ஓய்வு. கரகரப்பு மூன்று வாரத்தில் தீராவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் கருவி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு முடிச்சு இருந்தால் தொடக்கத்தில் பேச்சுப் பயிற்சியிலேயே சரியாகக்கூடும்.

இனி மெட்டு. சுருதியை மாற்றினாலே இருபதில் சில பாட்டுகள் தாமே பிரிந்துவிடும். மிச்சத்துக்கு ஒரு தாள் எடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஐந்து விஷயம் குறியுங்கள்: நடை (ஓர் அடிக்குள் எத்தனை எண்ணிக்கை), எடுப்பு (தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடம்), முதல் வரி போய் நிற்கும் சுரம், உச்சச் சுரம் வரும் இடம், பின்பாட்டு நுழையும் இடம். எழுதி முடித்துவிட்டு மேலிருந்து கீழே வாசியுங்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், நடை சதுஸ்ரம் (நான்கு), எடுப்பு சமம் (தாளம் தொடங்கும் அடியிலேயே), முதல் வரி சட்ஜமத்தில் முடிவு, உச்சம் பல்லவியிலேயே, பின்பாட்டு இரண்டாம் வரியில் என்று வரிசை வரிசையாக ஒன்றே இருக்கும். பின்பாட்டுக்காரராகப் பழகியவர்களுக்கு இது எளிதில் வரும் பழக்கம்: பதில் சொல்லும் வரிகள்தான் மனதில் முதலில் உருவாகும், அவை சட்ஜமத்தில் போய் உட்காரும்.

ஐந்தையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். ஒரு பாட்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். எளிதாகப் பலன் தருவது முதல் வரி நிற்கும் சுரம். சட்ஜமத்தில் நின்றால் பேச்சு முடிந்துவிட்டது. ரிஷபத்திலோ பஞ்சமத்திலோ நிறுத்தினால் கேட்பவருக்கு அடுத்த வரி வேண்டும். அடுத்தது உச்சம். ஒப்பாரி மேலே எடுத்து அழுதுகொண்டே இறங்கும். தாலாட்டு நடுவிலேயே ஆடிக்கொண்டிருக்கும். பல தெம்மாங்குகள் தாளம் இல்லாமல் நீட்டி இழுத்துவிட்டுப் பிறகுதான் நடைக்கு வரும். நீங்கள் சொல்லப்போகும் விஷயத்துக்கு எந்தப் போக்கு பொருந்தும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஆட்டப்பாட்டாக்கிவிட்டால் அழுகையும் ஆடத்தான் செய்யும்.

நடையை மாற்றுவது கொஞ்சம் உழைப்பு கேட்கும், ஏனென்றால் சொற்களையும் மாற்ற வேண்டிவரும். ‘தகதிமி’ என்று நான்காக ஓடும் வரியை ‘தகிட தகிட’ என்று மூன்றுக்குள் திணித்தால் சொல் உடையும். கும்மியும் தாலாட்டும் பெரும்பாலும் மூன்றில் ஆடுவதால் அவற்றில் மூன்றெழுத்துச் சொற்களும் தொடர்களும் இயல்பாக விழும். பறைக்காரரிடம் சொல்லி திஸ்ரத்தில் (மூன்றில்) ஓர் அடியைப் பத்து நிமிடம் விடாமல் அடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் எழுதாமல் அதன் மேலே பேசிப் பாருங்கள். வாயில் தானாக உட்காரும் சொற்கள் எவை என்று தெரிந்துவிடும். கண்டமும் (ஐந்து) மிஸ்ரமும் (ஏழு) பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூட்டம் கைதட்டிச் சேர்ந்துகொள்ள வேண்டிய பாட்டில் ஐந்தும் ஏழும் இடறும்.

சொல்லை முதலில் எழுதிவிட்டு மெட்டுத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தலைகீழாகச் செய்யுங்கள். ‘தன்னானே தானானே’ என்று மெட்டை மட்டும் நாற்பது விநாடி பாடி கைபேசியில் பதியுங்கள். அதே மெட்டை மறுநாள் கேட்காமல் நினைவிலிருந்து பாடிப் பாருங்கள். நினைவில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், கேட்பவர் நினைவிலும் அது நிற்காது. வந்தால், அது நீங்கள் பாடும் ஏதோ ஒரு பழைய பாட்டோ சினிமாப் பாட்டோ இல்லையே என்று குழுவில் வயதான ஒருவரிடம் பாடிக் காட்டிக் கேளுங்கள். அதன் பிறகு ‘தன்’, ‘னா’, ‘னே’ என்று நீளும் இடங்களையும் குறுகும் இடங்களையும் குறித்துக்கொண்டு சொல் வையுங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குவது. நீளும் சுரத்தில் குறில் விழக்கூடாது. ‘மனம்’ என்ற சொல்லின் முதல் எழுத்து இரண்டு மாத்திரை இழுபட்டால் கேட்பவர் காதில் ‘மானம்’ என்றுதான் விழும். ‘வரம்’ வாரமாகும், ‘படம்’ பாடமாகும். நீளும் இடத்தில் நெடில் வையுங்கள். அல்லது மெய்யில் முடியும் அசை வையுங்கள். குறில்தான் வேண்டும் என்றால், சொல்லை அதன் அளவிலேயே முடித்துவிட்டு மிச்ச நேரத்தை ‘ஏ’, ‘யோ’, ‘டி’, ‘அம்மா’ போன்ற ஒட்டுகளில் இழுங்கள். நாட்டுப்புறப் பாட்டில் அவை இத்தனை வருவது அலங்காரத்துக்காக மட்டும் அல்ல. சொல்லைச் சிதைக்காமல் சுரத்தை நிரப்புகிற வேலையும் அவற்றுக்கு உண்டு. உச்சச் சுரத்தில் ஆ, ஏ, ஓ வரட்டும். அங்கே இ, உ வந்தால் வாய் குறுகித் தொண்டை இறுகும். ‘ட்ட’, ‘க்க’ போன்ற இரட்டை வல்லினம் அடுத்தடுத்து வந்தால் மூச்சு வெட்டுப்படும். ஆட்டப்பாட்டுக்கு அது நல்லது, தாலாட்டுக்கு ஆகாது.

வரியின் எடையையும் பாருங்கள். ‘வறண்ட கிணற்றின் விளிம்பில் நின்று வாளியை நானும் இறக்குகிறேன்’ என்பது தாளில் குறையில்லாத வரி. பாடினால் பின்பாட்டுக்காரர் எதைத் திருப்பிச் சொல்வது என்று விழிப்பார். அதே விஷயத்தை இப்படி உடைக்கலாம்:

கயிறு எறங்குதடி – கெணத்துக்குள்ள
கயிறு எறங்குதடி
வாளி தட்டும் சத்தமில்ல – வெறும்
மண்ணு தட்டும் சத்தமடி

‘கயிறு’ மூன்று எழுத்து, ‘எறங்கு’ தட்டிப் பாடினால் மூன்று அடி; திஸ்ரத்தில் தானாக உட்காரும். முதல் வரி திரும்ப வருவதால் கேட்பவர் இரண்டாம் முறையே சேர்ந்துகொள்வார். வறட்சி என்ற சொல்லே வரவில்லை, வரத் தேவையும் இல்லை. அடுத்த கண்ணியில் ‘வாளி ஏறுதடி – வெறும் வாளி ஏறுதடி’ என்று ஒரே ஒரு சொல்லை மாற்றிக் கதையை நகர்த்தலாம். ஒரு கண்ணியில் ஒன்றுதான் மாற வேண்டும். மூன்று மாறினால் கூடப் பாடுபவர் தொலைந்துபோவார். பேச்சு வழக்கில் தொடங்கினால் கடைசி வரை பேச்சு வழக்கு. ‘எறங்குதடி’ என்ற பாட்டில் நான்காம் கண்ணியில் ‘இறைவனின் திருவருள்’ வந்து நின்றால் கல் கடிபடும்.

இந்தக் கணக்கில் பார்த்தால் இருபதில் நாலோ ஐந்தோ தேறும். அது நல்ல விகிதம். மற்றவற்றின் நல்ல வரிகளைப் பிடுங்கி இவற்றில் சேருங்கள். மேடையில் சொந்தப் பாட்டை முதல் பாட்டாக வைக்காதீர்கள். கூட்டமும் ஒலிக்காரரும் உங்கள் குரலுக்குப் பழக ஒரு பாட்டு ஆகும். அரை மணி நேரத்துக்கு ஏழு பாட்டு என்றால் மூன்றாவதும் ஐந்தாவதும் உங்களுடையதாக இருக்கட்டும், இரண்டு பக்கமும் தெரிந்த பாட்டுகள். பல்லவியை ஒருமுறை கருவி இல்லாமல் தனியாகப் பாடுங்கள், அடுத்த முறை பின்பாட்டு, அதற்கடுத்த முறை கூட்டம். பாட்டு எப்படிப் பிறந்தது என்ற விளக்கம் இருபது விநாடிக்கு மேல் வேண்டாம்.

ஒப்பாரி மெட்டைப் பற்றி: மெட்டை எடுத்தது தப்பில்லை. பழைய மெட்டில் புதிய சொல் கட்டுவது தமிழில் நெடுநாள் வழக்கம். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் கதைக்கு நொண்டிச் சிந்தை எடுத்தாண்டார்; சுப்பிரமணிய பாரதி கிளிக்கண்ணி, கும்மி, சிந்து எல்லாவற்றிலும் எழுதினார். ஆனால் ‘பாடல், இசை: நான்’ என்று போட்டுக்கொள்ளாதீர்கள். ‘சொல்: உங்கள் பெயர், மெட்டு: மரபு ஒப்பாரி, இன்னாரிடம் கேட்டது’ என்று எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரைப் போடுங்கள். வருமானம் வந்தால் ஒரு பங்கு கொடுப்பதே முறை. ஒன்றை மட்டும் சரிபாருங்கள். பெரியவர்கள் பாடியது அனைத்தும் மரபு மெட்டு ஆகிவிடாது. வானொலியிலோ படத்திலோ கேட்டதை அவர்களும் பாடுவார்கள். யாராவது ஒருவர் இயற்றியது என்றால், அவர் காலமாகி 60 ஆண்டு ஆகும் வரை இந்தியச் சட்டப்படி அதற்குப் பதிப்புரிமை உண்டு. மெட்டு மரபாக இருந்தாலும், வேறு ஒருவர் செய்த ஒலிப்பதிவை வெட்டி எடுத்துப் பின்னணியில் ஓட்டக்கூடாது. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு.

வீட்டுப் பதிவு முடியும், குரலுக்கு மட்டுமானால். கண்டென்சர் மைக்கை முகத்திலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டரில், நடுவே காற்றுத் தடுப்புத் திரையோடு வையுங்கள். கம்பளியையும் மெத்தையையும் பலர் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். மைக் கேட்பது உங்கள் பக்கத்தைத்தான். ஆகவே உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். மின்விசிறி, குளிர்பெட்டி நிற்கட்டும். பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சத்தில் பாடும்போது அளவுமானி மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6 டெசிபெலுக்குள் நின்றால் போதும். சிவப்பைத் தொட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. முழுப் பாட்டாக மூன்று முறை, பிறகு சந்தேகமான வரிகளை மட்டும் ஒருமுறை.

பறை, தவிலை வீட்டுக்குள் பதியாதீர்கள், அறை முழுக்க அடியின் எதிரொலிதான் நிறையும். பெரிய அறையோ ஒலிப்பதிவுக் கூடமோ பார்த்து, மைக்கை ஒரு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி வைத்துப் பதியுங்கள். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியைக் காதில் கொடுத்துப் பறை அடிக்கச் சொல்லும் ஒலிப்பதிவாளர்கள் உண்டு. அப்படிப் பழக்கமில்லாத கலைஞருக்கு அடியின் உயிர் போய்விடும். நீங்கள் பக்கத்தில் நின்று வழிகாட்டிக் குரல் பாட, பறையை அதன் போக்கில் முதலில் பதிந்துவிட்டு, அதன் மேல் குரலை வைப்பதே நல்லது. மெட்ரோனோம் கட்டாயம் என்றால், திஸ்ரப் பாட்டுக்கு ஆறெண்ணிக்கையில் வையுங்கள். நான்கில் வைத்ததால் கெட்ட பாட்டுகள் ஏராளம். சுருதி திருத்தும் மென்பொருளைத் தானியங்கியாக ஓடவிட வேண்டாம். ஒப்பாரியின் இழைவும் தெம்மாங்கின் வழுக்கலும் அதற்குப் பிழையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் அருகிலுள்ள சுரத்தில் அறைந்து நிறுத்திவிடும். தவறிய சுரம் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை மட்டும் கையால் நகர்த்தச் சொல்லுங்கள்.

இனி ஒப்பந்தம். ஒரு பாட்டில் மூன்று உரிமைகள் படிந்திருக்கின்றன: சொல், இசை, ஒலிப்பதிவு. முதல் இரண்டும் இயற்றியவருக்கு இயற்றிய நொடியிலேயே வந்துவிடும், பதிவு செய்யாவிட்டாலும். மூன்றாவது, செலவு செய்து பதிவை உருவாக்கிய தயாரிப்பாளருக்கு. வீட்டில் நீங்களே பதிந்தால் தயாரிப்பாளரும் நீங்களே. நிறுவனம் பதிந்தால் ஒலிப்பதிவு அவர்களுடையது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே தாளில் சொல்லையும் இசையையும் சேர்த்து எழுதி வாங்குகிறார்களா என்று பாருங்கள். பல சமயம் ஒரே வாக்கியத்துக்குள் மூன்றும் போய்விடும்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் பாட்டு, எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்று சொல்ல வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற சொற்களைத் தேடுங்கள். அவை இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்றும் சட்டத்தில் உண்டு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர. அப்படி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தங்களுக்குள்ள சமப் பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்து எழுதித் தர முடியாது. ‘ராயல்டி கோரமாட்டேன்’ என்று ஒரு வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள்.

நிறுவனத்துக்கு இப்படிப் பதில் எழுதலாம்: ஐந்து பாட்டுக்குப் பதில் இரண்டு, ஒலிப்பதிவு உரிமை உங்களுக்கு, ஐந்து ஆண்டுக்கு, சொல், இசை உரிமை என்னிடமே, மேடையில் பாடவும் வேறு வடிவில் மீண்டும் பதியவும் எனக்குத் தடையில்லை, மரபு மெட்டின் மேல் யாரும் தனியுரிமை கோரக்கூடாது. கடைசிப் பிரிவு முக்கியம். இணையக் காணொளித் தளங்களின் தானியங்கி அடையாள முறையில் நிறுவனம் அந்த ஒப்பாரிப் பதிவைச் சேர்த்துவிட்டால், நாளை அதே மெட்டை வேறு யாராவது பாடிப் போட்டாலும் உரிமைமீறல் என்று அறிவிப்பு போகக்கூடும். உங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்த பெரியவருக்கேகூட.

அவர்கள் ஒத்துக்கொண்டால் கையெழுத்துக்கு முன் வழக்கறிஞர் ஒருவர் ஒருமுறை படிக்கட்டும். மறுத்தால் நீங்களே ஓர் இணைய விநியோகஸ்தர் வழியாக வெளியிடலாம். ஒவ்வொரு பதிவுக்கும் அந்தப் பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடமுள்ள ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு ஒன்று தருவார்கள். அதைக் குறித்து வையுங்கள், பின்னால் விநியோகஸ்தரை மாற்றினால் அதே குறியீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற முறையில் இவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதியுங்கள். ஒப்பாரி மெட்டுப் பாட்டுகள் இரண்டிலும் இசை என்ற இடத்தில் ‘மரபு’ என்றே எழுதுங்கள்.